விதிக்கப்பட்ட சொற்களுக்குள் ஒரு தியானம்

யூத சமயத்தில் தியானத்துக்கு இடம் உண்டா என்று கேட்டால், அந்தச் சமயத்தில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் சற்றுத் தயங்கித்தான் விடை சொல்கிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒரு சாதாரண நாளின் காலையில் ஜெப ஆலயத்துக்குள் நுழைகிறவர் அங்கே அமைதியைக் காண்பதில்லை. தோளில் தொழுகைச் சால்வையும், நெற்றியிலும் இடது கையிலும் வேதவாக்கியம் அடங்கிய தோல் பேழைகளும் அணிந்தவர்கள், கனத்த ஜெபப் புத்தகத்தின் பக்கங்களை வேகமாகப் புரட்டியபடி, உடலை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். கண்மூடி அசையாமல் அமர்ந்திருப்பதே தியானம் என்று பழகியவருக்கு, இங்கே அதற்கு நேர் எதிரான ஒன்று நடப்பதாகத் தோன்றக்கூடும். நானும் ஒரு நகரத்தின் ஜெப ஆலயத்தில் விருந்தினனாகப் பின் வரிசையில் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்த ஜெபங்களையும் அவற்றைச் சுற்றி எழுந்த சட்ட நூல்களையும் மொழிபெயர்ப்புகளின் வழியே படிக்கப் படிக்க, அந்த முணுமுணுப்பைப் பற்றிய என் எண்ணம் உறுதிப்பட்டது. யூத மரபு தியானத்துக்கென்று தனி இருக்கையையோ தனி நேரத்தையோ பெரும்பாலும் ஒதுக்கவில்லை. நாள்தோறும் கட்டாயமாகச் சொல்லியாக வேண்டிய சொற்களுக்கு உள்ளேயே அதைக் குடியேற்றியது. அதனால்தான் அது வெளியாருக்குத் தெரிவதில்லை. உள்ளிருப்பவர்களும் அதை எளிதில் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சொற்களில் முதன்மையானது ஷெமா. காலையும் மாலையும் சொல்லப்படும் இந்த அறிக்கையின் முதல் வரியைத் தமிழ் விவிலியம் படித்தவர்கள் அறிவார்கள்: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." எபிரேயத்தில் ஆறே சொற்கள். அவற்றைச் சொல்லும்போது வலது கையால் கண்களை மூடிக்கொள்வது வழக்கம். யூதர்களின் வாய்வழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னாவைத் தொகுத்த யூதா என்னும் தலைவர் அவ்வாறு கையைக் கண்மேல் வைத்துக்கொண்டார் என்று, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் பெருநூலான தல்மூது குறிப்பிடுகிறது. ஒருவர் என்று பொருள்படும் கடைசிச் சொல்லான 'எஹாத்' என்பதை நீட்டி ஒலிக்க வேண்டும் என்றும் அதே இடத்தில் படிக்கிறோம். எவ்வளவு நீட்டுவது என்பதற்கும் விடை இருக்கிறது: மேலும் கீழும் நான்கு திசைகளிலும் அவரே அரசர் என்று மனத்தால் ஏற்கும் வரை. நாவு ஒரே சொல்லில் நிற்க, மனம் ஆறு திசைகளுக்கும் சென்று திரும்புகிறது. ரோமானியர் இரும்புச் சீப்புகளால் சதையைக் கிழித்த வேளை ஷெமாவின் வேளையாக இருந்ததால், யூத சமய ஆசானான ரப்பி அக்கிவா அந்தக் கடைசிச் சொல்லை நீட்டிக்கொண்டே உயிர்விட்டார் என்று தல்மூது சொல்கிறது. ஒரு சில நொடிகளே எடுக்கும் பயிற்சி இது. என்றாலும் இதைத் தியானம் என்று சொல்லத் தயங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இரண்டாவது அமிதா, அதாவது நின்றபடி சொல்லும் ஜெபம். தொடக்கத்தில் பதினெட்டு ஆசீர்வாதங்களாக இருந்து இப்போது பத்தொன்பதாக இருக்கும் இந்த ஜெபத்தை, நாளுக்கு மூன்று முறை, கால்களை ஒன்றாகச் சேர்த்து, எருசலேமை நோக்கி நின்று, அருகில் இருப்பவருக்கும் கேட்காத மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். தொடங்கும் முன் மூன்றடி பின்வாங்கி மூன்றடி முன்னே வருகிறார்கள். முடிந்ததும் மீண்டும் மூன்றடி பின்வாங்குகிறார்கள். "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" என்ற சங்கீத வரியே இதன் வாசல். இந்த ஜெபம் எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்ற சட்டத்தை, தல்மூதின் அறிஞர்கள் ஓர் அரசனிடமிருந்தோ ஆசாரியனிடமிருந்தோ எடுக்காமல், பிள்ளையில்லாத துயரத்தோடு சீலோவின் ஆலயத்தில் நின்ற அன்னாளிடமிருந்து எடுத்தார்கள். அன்னாள் தன் இருதயத்திலே பேசினாள், உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கப்படவில்லை. ஜெபிக்கிறவர் இருதயத்தை நிலைப்படுத்த வேண்டும், சொற்களை உதடுகளால் உருவாக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது என்ற மூன்று விதிகளும் அந்த ஒரு வசனத்திலிருந்து பிறந்தவை. ஆசாரியனான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். ஒரு சமயத்தின் மைய ஜெபம், சமயத் தலைவர் ஒருவர் புரிந்துகொள்ளத் தவறிய ஒரு பெண்ணின் ஜெபத்தை முன்மாதிரியாகக் கொண்டிருப்பதை நான் படித்தபோது, அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

இருதயத்தை ஒரு திசையில் நிறுத்துவதை எபிரேயத்தில் 'கவனா' என்கிறார்கள். சுமார் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, முற்காலப் பக்தர்கள் தங்கள் இருதயத்தைக் கடவுளை நோக்கித் திருப்புவதற்காக ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள் என்று பதிவு செய்கிறது. ஜெபத்தில் நிற்கிறவர் அரசன் நலம் விசாரித்தாலும் பதில் சொல்லக் கூடாது, பாம்பு குதிகாலைச் சுற்றிக்கொண்டாலும் ஜெபத்தை நிறுத்தக் கூடாது என்றும் அங்கே சொல்லப்படுகிறது. தல்மூது இன்னும் விரித்து, முன்னால் ஒரு மணி, ஜெபத்தில் ஒரு மணி, பின்னால் ஒரு மணி, ஆக நாளுக்கு ஒன்பது மணி நேரம் அவர்கள் இவ்வாறு கழித்தார்கள் என்று கணக்கிட்டு, அப்படியானால் அவர்களுடைய வேதப் படிப்பு எப்படி நிலைத்தது, தொழில் எப்படி நடந்தது என்று உடனே கேட்கிறது. அவர்கள் பக்தர்கள் என்பதால் படிப்பு காக்கப்பட்டது, தொழில் ஆசீர்வதிக்கப்பட்டது என்பது விடை. இந்த விடையைவிட அந்தக் கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிழைப்பும் படிப்பும் குடும்பமும் உள்ள மனிதருக்குத்தான் யூதச் சட்டம் பேசுகிறது. துறவிகளின் மடம் அதன் மனக்கண்ணில் இல்லை. ஆகவே தியானம் எவ்வளவு உயர்ந்ததாயினும், நாளின் மற்றக் கடமைகளுக்கு அது கணக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது.

சொற்கள் விதிக்கப்பட்டால் அவை வழக்கமாகித் தேய்ந்துபோகும் என்ற ஆபத்தை இந்த மரபு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. மிஷ்னாவின் ஒரே அத்தியாயத்தில், நாள்தோறும் பதினெட்டு ஆசீர்வாதங்களையும் சொல்ல வேண்டும் என்ற ரப்பன் கமாலியேலின் விதியும், தன் ஜெபத்தை மாறாத வழக்கமாக ஆக்கிக்கொள்கிறவரின் ஜெபம் மன்றாட்டு ஆகாது என்ற ரப்பி எலியேசரின் எச்சரிக்கையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எந்தக் குரலையும் தொகுப்பாசிரியர் விலக்கவில்லை. பிற்காலத்து யூத ஆன்மிகம் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நடந்த உரையாடல் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

மனம் சிதறுவதைப் பற்றி அந்த மரபு எவ்வளவு உண்மையோடு பேசியது என்பதற்கு எருசலேம் தல்மூதின் ஒரு பகுதி சாட்சி. ரப்பி ஹிய்யா, தான் ஒருபோதும் ஜெபத்தில் மனம் ஒன்றியதில்லை என்றும், ஒருமுறை ஒன்ற முயன்றபோது, அரசனுக்கு முன் முதலில் செல்பவர் பாரசீக அதிகாரியா, யூதர்களின் தலைவரா என்ற யோசனையில் மனம் போய்விட்டது என்றும் சொல்கிறார். சாமுவேல், தான் பறவைக் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். இன்னொருவர் சுவரின் செங்கல் வரிசைகளை எண்ணியிருக்கிறார். ரப்பி மத்தனியா தன் தலைக்கு நன்றி சொல்கிறார். நன்றி கூறும் ஆசீர்வாதத்தை அடைந்ததும் அது தானாகவே வணங்கிவிடுகிறதாம். இவர்கள் அனைவரும் அந்தச் சமயத்தின் சட்டத்தை வகுத்த பெரியவர்கள். தியானம் பழகுகிறவர் எவரும் முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளும் உண்மையை, இவர்கள் தங்கள் புனித நூலுக்குள்ளேயே பெயரோடு பதிந்துவைத்தார்கள். அதை அழித்துவிடாமல் காத்த பின்வந்தோரையும் நான் மதிக்கிறேன்.

இந்தப் பலவீனம் சட்டமாகவும் ஆனது. யோசேப்பு கரோ எழுதி 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பு இன்றுவரை மரபுவழி யூதர்களின் அன்றாடத்தை நெறிப்படுத்துகிறது. எல்லா ஆசீர்வாதங்களிலும் கவனா வேண்டும். முடியாவிட்டால் முதல் ஆசீர்வாதத்திலாவது வேண்டும். அதிலும் தவறினால் மீண்டும் ஜெபிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கிராக்கோவின் ரப்பி மோசே இசர்லிஸ் அதன்மேல் எழுதிய குறிப்பில், இக்காலத்தில் கவனா இல்லாமைக்காக நாம் மீண்டும் ஜெபிப்பதில்லை, ஏனெனில் இரண்டாம் முறையும் மனம் ஒன்றாமல் போகவே வாய்ப்பு அதிகம், அப்படியிருக்க எதற்காகத் திரும்பச் சொல்வது என்று கேட்கிறார். இந்தக் குறிப்பைத் தோல்வியின் ஒப்புதலாகப் படிப்பவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. மனம் ஒன்றாத போதும் சொல்லைச் சொல், நாளையும் சொல், ஒன்றும் நாளுக்காக அந்தச் சொல் உன் நாவில் தயாராக இருக்கட்டும் என்ற கருணையை நான் அதில் காண்கிறேன். அதே ஷுல்ஹான் ஆருக், சில பத்திகளுக்கு முன்னால், பக்தர்களும் செயல்வீரர்களும் தனித்திருந்து ஜெபத்தில் மனம் குவித்து, உடலுணர்வு களையப்பட்டு அறிவு வலுப்பெற்று, தீர்க்கதரிசனத்துக்கு அருகில் உள்ள நிலையை எட்டினார்கள் என்று எழுதுகிறது. எந்தப் பாத்திரம் எப்படிக் கழுவப்பட வேண்டும் என்று சொல்லும் ஒரு நூலில், தீர்க்கதரிசனத்தின் வாசல்வரை செல்லும் பாதையும் நடைமுறை விதியாக இடம்பெற்றிருக்கிறது. ஷுல்ஹான் ஆருக்கை வறண்ட சட்டப் புத்தகம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாதையில் எப்படி நடப்பது என்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடைகள் வந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த சட்ட அறிஞரும் மெய்யியலாளரும் மருத்துவருமான மைமோனிதீஸ், மருத்துவருக்கே உரிய நிதானத்தோடு இதை அணுகினார். எண்ணங்கள் அனைத்திலிருந்தும் இருதயத்தை விலக்கி, கடவுளின் பிரசன்னத்துக்கு முன் நிற்பதாகத் தன்னைக் காண்பதே கவனா என்று வரையறுத்தார். பயணத்தால் களைத்தவரும் மனம் நொந்தவரும் தெளிவு வரும்வரை ஜெபிக்கலாகாது என்றார். தம் மெய்யியல் நூலில், படிப்படியான ஒரு பயிற்சியையும் தருகிறார்: முதலில் ஷெமாவைச் சொல்லும்போது மட்டும் மற்ற எதையும் நினைக்காமல் இருக்கப் பழகு, பல ஆண்டுகள் கழித்து அதை மற்ற ஜெபங்களுக்கும் வாசிப்புக்கும் நீட்டு, வீட்டுக் காரியங்களை நினைக்க உண்ணும் நேரமும் குளிக்கும் நேரமும் போதும், எவரும் உடனில்லாத வேளைகளையும், படுக்கையில் விழித்திருக்கும் வேளைகளையும் கடவுளை நினைக்க மட்டும் வைத்துக்கொள் என்கிறார். பல ஆண்டுகள் என்று அவர் சொல்லியிருப்பது எனக்குப் பிடிக்கிறது. விரைவான பலனை அவர் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

அவருடைய மகன் ஆபிரகாம் இன்னும் துணிந்து போனார். 1204-இல் தந்தை இறந்தபின் எகிப்திய யூதர்களின் தலைமையை ஏற்ற அவர், அண்டை வீட்டுச் சூஃபிகளின் தனிமையையும் விழிப்பையும் தவத்தையும் பார்த்து, இவை இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகளுடைய வழிமுறைகள், நம்மிடமிருந்து மறைந்து அவர்களிடம் எஞ்சியிருக்கின்றன என்று வெளிப்படையாக எழுதினார். தொழுகையில் மண்டியிடுதல், நெடுஞ்சாண்கிடையாக வணங்குதல், ஒழுங்கான வரிசைகளில் அமர்தல் போன்றவற்றைத் தம் வட்டத்தில் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் சுல்தானிடமே முறையிட்டார்கள். இவருடைய மகன் ஒபதியா, தியானத்தை ஒரு பழைய நீர்த்தொட்டியைத் தூர்வாருவதற்கு ஒப்பிட்டார்; சேறு நீங்கி, வெளியிலிருந்து அழுக்கு நீர் வரும் வழிகள் அடைபட்டால்தான் தெளிந்த நீர் அதில் நிற்கும். முஸ்லிம் அரசின் கீழ் வாழ்ந்த ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் தலைவர், ஆளும் சமூகத்தின் பக்தர்களிடம் தம் முன்னோரின் இழந்த செல்வத்தைக் கண்டுகொண்டு நன்றியோடு பெற்றுக்கொண்டது, சமய வரலாற்றில் அரிதாக நிகழும் ஒன்று. இது பரவலாகப் பேசப்படாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

கிழக்கு ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த ஹசிதியம் என்னும் யூதப் பக்தி இயக்கத்தில் இந்தத் தேடல் எளிய மக்களிடம் வந்தது. ஒரே இயக்கத்துக்குள் இரண்டு நேரெதிர் முறைகள் வளர்ந்தன. ஹபாத் என்ற கிளையை நிறுவிய லியாதியின் ரப்பி ஷ்னேயோர் ஸல்மான் (1745–1812), 'ஹித்போனனூத்' என்ற ஆழ்ந்த சிந்தனையைக் கற்பித்தார். கடவுள் எல்லா உலகங்களையும் நிரப்புகிறார், எல்லா உலகங்களையும் சூழ்ந்தும் இருக்கிறார் என்பது போன்ற ஒரு கருத்தை எடுத்து, அதன் நுட்பங்களுக்குள் நீண்ட நேரம் இறங்கிச் சிந்திக்க வேண்டும். அறிவு கருவுற்றால் இருதயத்தில் அன்பும் அச்சமும் பிறக்கும் என்பது அவர் போதனை. இங்கே சிந்தனையை நிறுத்துவது நோக்கமில்லை. சிந்தனையை அதன் எல்லைவரை உழைக்கவிடுவதே நோக்கம். அவர் மகன் தோவ் பேர், உணர்ச்சி பொங்குவதில் எது உண்மையான அனுபவம், எது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்று பிரித்துக்காட்ட ஒரு தனி நூலே எழுதினார். தன் பரவசத்தைத் தானே கவனித்து மகிழ்கிறவர் கடவுளை விட்டுத் தன்னிடம் திரும்பிவிட்டார் என்பது அதன் சாரம். தியான நூல்கள் பரவசத்தைப் போற்றுவதையே அதிகம் படித்த எனக்கு, இந்தக் கண்டிப்பு பெரிதும் பயன்பட்டது.

அவர்கள் காலத்திலேயே வாழ்ந்த ப்ரெஸ்லவின் ரப்பி நஹ்மான் (1772–1810), சிந்தனையின் நுட்பங்களுக்குள் போகவில்லை. வயலுக்குப் போ, அல்லது தனியறையில் இரு, உன் தாய்மொழியில் கடவுளோடு பேசு என்றார். நாளுக்கு ஒரு மணி நேரம். ஜெபப் புத்தகத்தின் எபிரேயத்தில் ஏழைத் தொழிலாளி தன் கடனையும் மனக்கசப்பையும் சொல்ல முடியாது. அவன் வாய்க்கு வரும் மொழி இத்திஷ். அதில்தான் இருதயம் திறக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். பேச எதுவும் வரவில்லை என்றால், "உலகின் ஆண்டவரே" என்ற விளியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிரு என்றார். இந்தப் பயிற்சிக்குப் பெயர் 'ஹித்போதெதூத்', தனித்திருத்தல். சாயங்காலவேளையில் தியானம்பண்ண வெளியிலே போயிருந்த ஈசாக்கை முன்னிறுத்தித்தான் பிற்பகல் ஜெபத்தையே தல்மூது விளக்குகிறது என்பதை எண்ணும்போது, நஹ்மானின் வயல் புதிய இடமாகத் தெரியவில்லை. உக்ரைனின் ஊமன் நகரில் உள்ள அவருடைய கல்லறைக்கு யூதப் புத்தாண்டு தோறும் பல்லாயிரம் பேர் போகிறார்கள்; இரவில் காடுகளிலும் வயல்களிலும் தனியே நின்று உரக்கப் பேசும் வழக்கம் அவருடைய வழியினரிடம் இன்றும் இருக்கிறது.

நான் அதிகம் நின்று படித்தவர் வேறொருவர். வார்சாவுக்கு அருகில் உள்ள பியாசெச்னோவின் ரப்பி கலோனிமுஸ் கல்மான் ஷப்பிரா, 1889-இல் பிறந்தவர், இளைஞர்களின் ஆசிரியர். பழைய நூல்கள் சொல்லும் உயர்ந்த நிலைகள் தம் காலத்து நகர்ப்புற மாணவர்களுக்கு எட்டாதவையாக இருப்பதைக் கண்டு, அவர்களுக்கென்று ஒரு முறையை அவர் வகுத்தார். அதை அமைதிப்படுத்தல் என்றார். அவர் தரும் விளக்கம் இது: மனிதனின் 'நான்' ஓயாமல் எண்ணங்களைப் பிறப்பித்துக்கொண்டிருப்பதால், மேலிருந்து வரக்கூடியது உள்ளே நுழைய இடமில்லை, தூக்கத்தில் அந்த 'நான்' அடங்குவதால்தான் கனவைத் தீர்க்கதரிசனத்தின் அறுபதில் ஒரு பங்கு என்று தல்மூது சொன்னது, விழித்திருக்கும்போதே அந்த அடக்கத்தைப் பெற வேண்டும். அதற்கு, எண்ணங்களோடு சண்டையிடாமல், நான் இப்போது என்ன நினைக்கிறேன் என்று சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கப் பார்க்க அவற்றின் வழக்கமான ஓட்டம் தடைப்பட்டு, தலை வெறுமையாவதை உணரலாம். அப்போது விசுவாசத்தின் ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லி, தனக்குத் தேவையான ஒரு குணத்தை அமைதியாக வேண்ட வேண்டும். முடிவில் எண்பத்தாறாம் சங்கீதத்தின் வரியைப் பாட வேண்டும். "கர்த்தாவே, உமது வழியை எனக்குப் போதியும்" என்று தொடங்கும் அந்த வசனம், "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று முடிகிறது.

எண்ணத்தைப் பார்த்திருத்தல் என்ற முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், பௌத்த விபாசனாவோடு இதற்கு உள்ள ஒற்றுமை எவருக்கும் தெரியும். ஆனால் ஷப்பிராவின் முறை வெறுமையில் நிற்பதில்லை. வெறுமையை ஒரு வேண்டுதலுக்கு வழிவிடும் இடமாக மட்டுமே அவர் கொள்கிறார். அமைதியான மனத்துக்குள் மறுபடியும் வேதத்தின் சொல் வருகிறது. யூத மரபின் தனி முகம் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

1939 செப்டம்பரில் வார்சாவின்மேல் ஜெர்மானியர் பொழிந்த குண்டுகளில் ஷப்பிராவின் ஒரே மகனும் மருமகளும் மாண்டார்கள். யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவுக்குள் அவர் 1942 வரை ஓய்வுநாள்களில் போதித்தார். எழுத்தில் வடித்த அந்தப் போதனைகள் கெட்டோவின் இரகசிய ஆவணக் காப்பகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, பால் கேனில் அடைத்து மண்ணுக்குள் புதைக்கப்பட்டு, போருக்குப் பின் 1950-இல் கண்டெடுக்கப்பட்டன. அவர் 1943 நவம்பரில் திராவ்னிக்கி முகாமில் கொல்லப்பட்டார். அந்தப் போதனைகளில் ஆறுதல் எளிதில் கிடைப்பதில்லை. எதிர்மறையான எந்தக் கேள்வியையும் மறைக்காமல், துன்பத்தில் அழுகிற கடவுளின் உள்ளறைக்குள் நுழைந்து அவரோடு சேர்ந்து அழுவதைப் பற்றி அவர் பேசுகிறார். அமைதியான நாள்களில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி, ஒரு மனிதரை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதைப் படிக்கும்போது, மன அழுத்தத்தைக் குறைக்கும் கருவியாக மட்டும் தியானத்தை விற்கிறவர்களின் பேச்சு எனக்கு மிகச் சிறியதாகத் தெரிகிறது.

இத்தனை செல்வம் இருந்தும் அது ஏன் மறைந்து கிடந்தது? அச்சம் ஒரு காரணம். நால்வர் மறைஞானத்தின் சோலைக்குள் நுழைந்தார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் மனம் பேதலித்தார், ஒருவர் விசுவாசம் இழந்தார், அக்கிவா மட்டும் நலமாக வெளிவந்தார் என்ற தல்மூதின் எச்சரிக்கை எப்போதும் நினைவில் இருந்தது. 1240-இல் சரகோசாவில் பிறந்த ஆபிரகாம் அபுலாஃபியா, வெண்ணிற ஆடை அணிந்து, இரவில் பல விளக்குகளை ஏற்றி, கடவுளின் பெயர்களின் எழுத்துகளைக் கூட்டியும் மாற்றியும், ஒவ்வோர் உயிரொலிக்கும் மூச்சையும் தலையசைவையும் இசைத்துச் செய்யும் ஒரு முறையை எழுதிவைத்தார். தம்மைத் தீர்க்கதரிசி என்றும் அறிவித்துக்கொண்டு, 1280-இல் போப்பாண்டவரைச் சந்திக்கவும் புறப்பட்டார். பார்சிலோனாவின் பெரும் சட்ட அறிஞர் சலொமோன் இப்ன் ஆத்ரெத் அவரைக் கடுமையாக எதிர்த்தார். பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் கபாலா என்னும் யூத மறைஞானத்தைப் பயின்ற ஹயீம் விட்டால் எழுதிய வழிகாட்டி நூலின் நான்காம் பகுதி, செய்முறைகளையும் புனிதப் பெயர்களையும் கொண்டிருந்ததால், நெடுங்காலம் அச்சாகாமலே இருந்தது. இந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்ததை நான் மறுக்கமாட்டேன். போலி மெசியாக்களின் பின்னே போய்ச் சிதைந்த சமூகம் அது. ஆனால் அதன் விலையைப் பின்வந்த தலைமுறைகள் கொடுத்தன. மற்றொரு குறையும் இங்கே சொல்லப்பட வேண்டும். அன்னாளிடமிருந்து சட்டத்தை எடுத்துக்கொண்ட மரபு, நான் மேலே பெயர் சொன்ன ஆசிரியர்களில் ஒரு பெண்ணையும் நமக்குத் தரவில்லை. இத்திஷ் மொழியில் பெண்கள் வீட்டில் சொல்லிவந்த 'த்ஹினே' என்னும் மன்றாட்டுகளில், விளக்கேற்றும்போதும் மாவு பிசையும்போதும் கல்லறைக்குப் போகும்போதும் கடவுளோடு பேசிய குரல்கள் பதிவாகியிருக்கின்றன. யூதத் தியானத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவற்றை அடிக்குறிப்பில் தள்ளுவது சரியில்லை.

1960-களிலும் 70-களிலும் அமெரிக்க யூத இளைஞர்கள் பெருமளவில் இந்திய, ஜப்பானியத் தியான வழிகளை நாடிப் போனார்கள். தங்கள் பெற்றோரின் ஜெப ஆலயத்தில் அவர்கள் கண்டது எண்ணிக்கையும் எழுந்து அமர்தலும் மட்டுமே. இதை உணர்ந்த ஹபாத் தலைவர், லுபாவிச்சின் ரப்பி மெனாஹெம் மெண்டல் ஷ்னேயர்சன், 1978-இல், மன அமைதிக்கான தியானத்தைப் பிற சமய வழிபாட்டுக் கூறுகள் இல்லாத வடிவில் வழங்க வேண்டும் என்று யூத மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் கேட்டுக்கொண்டார். அவர் பிற சமயக் கூறுகளைப் பற்றிச் சொன்னதில் இருந்த கடுமை ஆபிரகாம் மைமோனிதீஸின் திறந்த மனத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. இதில் என் மனம் பழைய எகிப்தியரின் பக்கமே நிற்கிறது. இயற்பியல் படித்த ரப்பி அர்யே கப்லான் வேறொரு பணியைச் செய்தார். கையெழுத்துப் பிரதிகளில் முடங்கிக் கிடந்த விட்டால், அபுலாஃபியா முதலியோரின் வழிமுறைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1983-இல் நாற்பத்தெட்டு வயதிலேயே மறைந்தார். அரிய நூல்களை அவர் வெளிக்கொணர்ந்ததைப் பலர் பாராட்டுகிறார்கள். என் பார்வையில் அவருடைய பெரிய பங்களிப்பு அமிதாவைப் பற்றி அவர் சொன்னதுதான். அமிதாவில் ஏறத்தாழ ஐந்நூறு சொற்கள் உள்ளன. முற்காலப் பக்தர்கள் அதற்கு ஒரு மணி நேரம் எடுத்தார்கள் என்றால், ஒரு சொல்லுக்கு ஏழு நொடி ஆகிறது. அந்த வேகத்தில் சொல்லிப் பார்த்தால், ஜெபம் தானே தியானமாக மாறுவதை எவரும் உணரலாம் என்றார் அவர்.

இந்தக் கணக்கு நடைமுறையில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. யூதக் கூட்டுத் தொழுகைக்குப் பத்துப் பேர் கொண்ட சபை வேண்டும்; சபை அமிதாவைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்; வேலைக்குப் போகிறவர்கள் காத்திருக்க முடியாது; தனியே மெதுவாக நிற்கிறவர், எல்லோரும் சேர்ந்து சொல்லும் "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்ற பகுதியைத் தவறவிடுவார். ஹபாத் வழியினரில் சிலர் சபை கலைந்த பின்னும் ஜெப ஆலயத்திலேயே தங்கித் தனியே நெடுநேரம் ஜெபிப்பதை இன்றும் பார்க்கலாம். அந்த வசதி எல்லோருக்கும் இல்லை. மற்றவர்களுக்கு ஷுல்ஹான் ஆருக்கின் பழைய விதியே கைகொடுக்கிறது. முதல் ஆசீர்வாதத்தில் மட்டுமாவது மனம் ஒன்ற வேண்டும் என்று அது கேட்டது. அந்த ஆசீர்வாதத்தில் இருப்பவை நாற்பத்திரண்டு சொற்கள். ஏழு நொடிக்கு ஒன்றாகச் சொன்னால் ஐந்து நிமிடம். பின்வரும் பதினெட்டையும் சபையின் வேகத்திலேயே சொல்லிக்கொள்ளலாம். மாணவருக்குக் கப்லான் பரிந்துரைத்த அளவும் சட்டம் கேட்கும் குறைந்த அளவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த ஐந்து நிமிடத்துக்காகச் சபையாரைவிடச் சற்று முன்னதாக வந்து நிற்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.